செயலமர்வுக்கு 11 பேர், கொத்து ரொட்டிக்கு 130 பேர்: ஒரு கணினிக் கழகம் என்னதான் செய்வது?

கேள்வி. 2024 யூன் 8, இரவு 8.50

நான் இரண்டாம் வருடத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். இவ்வருடம் எங்கள் கணினிக் கழகத்தின் செயலாளர் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பெப்ரவரி தொடக்கம் ஐந்து செயலமர்வுகள் நடத்தினோம். முதலாவதற்கு 84 பேர் வந்தார்கள். பிறகு 51, 30, 19. கடைசியாக, நிரலில் பலர் செய்யும் திருத்தங்களைப் பதிந்து ஒன்றுசேர்க்கும் கிட் என்ற மென்பொருளைப் பற்றி நடந்த செயலமர்வுக்கு 11 பேர், அவர்களிலும் ஆறு பேர் எங்கள் செயற்குழு. ஆனால் சென்ற மாதம் வைத்த ஒன்றுகூடலுக்கு 130 பேர் வந்து, கொத்து ரொட்டி முடிந்து, மறுபடியும் ஆளனுப்பி எடுத்தோம். கற்றல் நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு ஒன்றுகூடல்களை மட்டும் நடத்துவோம் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஒரு கழகம் அப்படி இருக்கலாமா?

2024 யூன் 8, இரவு 11.15

தம்பி, எதையும் நிறுத்த வேண்டாம். 2016 இல் நான் செயலாளராக இருந்தபோது எழுதிவைத்த வரவேடு 112 இல் தொடங்கி 9 இல் முடிகிறது. நீங்கள் எங்களை விட இரண்டு பேர் மேல். எந்த வளாகம் என்று யாரும் ஊகிக்க வேண்டாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கணினி கற்பிக்கும் இடங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு, இந்தக் கதை எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

என்னைக் கேட்டால் உங்கள் ஐந்து எண்களில் 84 தான் பொய். பதினொன்றில் செயற்குழுவைக் கழித்தால் ஐந்து. அந்த ஐந்து பேரும் எதற்காக வந்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

2024 யூன் 9, காலை 6.40

84 எப்படிப் பொய் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முதலாவது செயலமர்வின் சுவரொட்டியில் சான்றிதழ் வழங்கப்படும் என்று போட்டிருப்பார்கள், அதனால்தான். (ஆம், போட்டோம் என்று கேள்வி கேட்டவரும் பதில் எழுதிவிட்டார்.) சான்றிதழ் வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்ததும் இரண்டாவது செயலமர்வுக்கு வருவதற்கான காரணம் தீர்ந்துவிடுகிறது.

இது எங்கள் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டாம். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒக்டோபர் மாதங்களில் நடத்திவரும் ஹக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில், யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலச் செயற்றிட்டங்களுக்கு நான்கு திருத்தங்களை அனுப்பினால் ஒரு ரீசேட் கிடைக்கும் என்று வைத்திருந்தார்கள். 2020 இல் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஒரு காற்புள்ளியை நகர்த்துவது என்று உலகம் முழுவதிலுமிருந்து குப்பை வந்து குவிந்து, செயற்றிட்டங்களைப் பராமரிப்பவர்கள் கொதித்தெழுந்த பிறகு, தாங்களாக விரும்பிச் சேரும் செயற்றிட்டங்களுக்கு மாத்திரமே கணக்கு என்று நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்ற வேண்டி வந்தது. அப்படியொரு ரீசேட் என் அலுமாரியிலும் இருக்கிறது. அதை எப்படி வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

2024 யூன் 11, இரவு 10.05

ஒரு நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னுடைய எண்ணம் முழுவதும் அந்த ஒரு நாளிலிருந்து வந்ததுதான்.

பைத்தன் என்ற நிரல்மொழிக்கான செயலமர்வு. இறுதி வருட அண்ணா ஒருவர் ஆங்கிலத்தில் 64 ஸ்லைட்கள் தயாரித்துக்கொண்டு வந்தார். நல்ல உழைப்பு, பிழை எதுவும் இல்லை. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, வளாகத்தில் நுழைந்த நாள் முதல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் முதலாம் வருடத்தவர்கள் முன்வரிசைகளை விட்டுவிட்டுப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். ஏதாவது கேள்வி உண்டா என்று அண்ணா நான்கு தடவை கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு சொல்லைத் தலைகீழாக்கி, அது முன்பிருந்த சொல்லுக்குச் சமமா என்று பார்க்கும் சிறு நிரலை எழுதிக் காட்டினார். ஆங்கிலத்தில் மேடம் (madam) என்ற சொல்லைக் கொடுத்தார், சரி என்று வந்தது, அடுத்த ஸ்லைட்டுக்குப் போனார்.

இடைவேளையில் எல்லோரும் தாழ்வாரத்தில் கட்லட் பெட்டியைச் சுற்றி நின்றபோது, பிளேன்டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, விகடகவி எண்டு குடுத்தா பிழை எண்டு வருகுது."

எனக்குக் காரணம் தெரியவில்லை. அண்ணாவுக்கும் தெரியவில்லை. ஒரு மடிக்கணினியைத் தாழ்வாரத்துக் கட்டின் மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். விகடகவி நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு கொடுக்கும் யுனிகோட்டில் அது ஏழு குறியீடுகள்: வ, இகரக் குறி, க, ட, க, வ, இகரக் குறி. பைத்தன் ஏழையும் பின்னாலிருந்து அடுக்கும்போது முதலில் வந்து நிற்பது இகரக் குறி. அதைத் தாங்குவதற்கு முன்னால் எழுத்து இல்லாதபடியால் அது ஒரு புள்ளி வட்டத்தில் தொங்குகிறது. மற்ற இகரக் குறி தன் வகரத்தை விட்டுவிட்டுக் ககரத்தின் மேல் ஏறிக்கொள்ள, 'வகடகிவ' என்று ஒன்று திரையில் தெரிகிறது. தேருவருதே என்று கொடுத்தோம், அதுவும் பிழை. ஒருவன் மட்டக்களப்பு என்று தட்டினான். எட்டு எழுத்து, பன்னிரண்டு குறியீடு, அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைற் வீதம் 36 பைற். தலைகீழாக்கினால் ஓர் உகரக் குறி அந்தரத்தில் நிற்க, அதன் பின்னால் 'ப்பளக்கட்டம' என்று வந்தது. எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவின் பெயர் இன்றைக்கும் பளக்கட்டம.

தீர்வைக் கண்டுபிடித்தது அந்தத் தங்கச்சிதான். குறிகளை முன்னிருக்கும் எழுத்தோடு ஒட்டி ஒரே துண்டாக்கிப் பட்டியலில் போட்டு, பிறகு பட்டியலைத் தலைகீழாக்க வேண்டும் என்று கட்லட் பெட்டியின் மூடியில், எண்ணெய் படாத ஓரமாகப் பார்த்து, குமிழ்முனைப் பேனாவால் வரைந்து காட்டினாள். இடைவேளைக்கு ஒதுக்கியது பதினைந்து நிமிடம். அது முக்கால் மணித்தியாலத்துக்கு நீண்டது. மீதி ஸ்லைட்களை அண்ணா திறக்கவேயில்லை.

ஆகவே தம்பி, கற்றல் நிகழ்ச்சியா ஒன்றுகூடலா என்று உங்கள் குழு கேட்பதே பிழையான கேள்வி என்று நினைக்கிறேன். கிட் செயலமர்வுக்கு வந்த ஐந்து பேருக்கும் கொத்து ரொட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு, நடுவில் ஒரு மடிக்கணினியைத் திறந்து வையுங்கள்.

2024 யூன் 12, காலை 7.20

என்னோடு படித்த ஒருத்தி நேற்றைய குறிப்பைத் திருத்தி எழுதியிருக்கிறாள், அவள் சொல்வது எனக்கு நித்திரையைக் கெடுத்தது. அந்தக் கேள்வி இடைவேளையில் பிறந்ததல்லவாம். செயலமர்வு நடந்துகொண்டிருந்தபோதே தங்கச்சி அதைப் பக்கத்திலிருந்த இவளிடம் கேட்டாளாம். "சும்மா இரு, அண்ணா படிப்பிக்கிறார்" என்று இவள்தான் அடக்கினாளாம். அப்படியென்றால் அந்தக் கேள்வி ஒரு மணித்தியாலமாக எங்கள் ஆய்வுகூடத்துக்குள் இருந்திருக்கிறது. நான் கதவோரத்தில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

2024 யூன் 12, இரவு 9.30

கொத்து ரொட்டியோடு கற்றலை நடத்துவது விளையாட்டுத்தனம் என்று எழுதியவருக்கு ஒரு பழைய சங்கதி. 1975 மார்ச் 5 ஆம் திகதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கோர்டன் பிரெஞ்ச் என்பவருடைய வீட்டு வாகனக் கொட்டகையில் ஹோம்புரூ கணினிக் கழகம் முதன்முதலாகக் கூடியது. பின்னாளில் அப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் அந்த முதற் கூட்டத்துக்குப் போயிருந்தார். அப்பிள் 1 கணினிக்கான தூண்டுதல் அங்கே கிடைத்ததென்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பின்னர் அந்தக் கழகம் பெரிதாகி மண்டபத்துக்கு மாறியபோது கூட்டத்தை இரண்டு பகுதியாக வைத்திருந்தார்கள். முதற் பகுதியில் தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன தேவை, என்ன வதந்தி கேள்விப்பட்டேன் என்று ஒவ்வொருவரும் எழுந்து சுருக்கமாகச் சொல்வார்கள். அடுத்த பகுதியில் எல்லோரும் எழுந்து, தமக்கு வேண்டிய ஆளைத் தேடிப் போய்ப் பேசுவார்கள். அந்த இரண்டாம் பகுதிக்குக் கணினி நினைவகத்தின் பெயரையே வைத்து எழுமாற்று அணுகல் என்று அழைத்தார்கள். நாங்கள் இடைவேளை என்று சொல்லிப் பதினைந்து நிமிடத்துக்குள் அடைத்ததை அவர்கள் நிகழ்ச்சி நிரலில் பாதியாக வைத்திருந்தார்கள்.

பலர் ஒன்றாகக் கூடியிருந்து தொடர்ந்து நிரல் எழுதும் ஹக்கத்தோன் ஒன்றை வைப்போம் என்று ஒருவர் சொல்கிறார். அது நிறுவனங்கள் ஆள்சேர்ப்புக்காக உண்டாக்கிய வியாபாரம். எனக்கு அதில் பிடிப்பில்லை.

2024 யூன் 13, மாலை 5.10

ஹக்கத்தோன் பற்றி நேற்று எழுதியது தவறு. அந்தச் சொல் பழக்கத்துக்கு வந்தது 1999 யூனில். ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தை எழுதியவர்கள் பத்துப் பேர் கனடாவின் கல்கரி நகரில் ஒன்றாகக் கூடி இருந்து தகவலைப் பிறர் வாசிக்க முடியாதபடி மாற்றும் மறைகுறியாக்க நிரல்களை எழுதினார்கள். அமெரிக்காவின் ஏற்றுமதிச் சட்டம் மறைகுறியாக்கத்துக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தபடியால்தான் கல்கரி. அதே மாதத்தில் சன் நிறுவனமும் தன்னுடைய ஜாவா மாநாட்டில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது. ஆகவே நான் சொன்னதில் பாதியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கிட் செயலமர்வை விட ஒருவர் குறைவு.

2024 யூன் 15, இரவு 8.00

கேள்வி கேட்டவர் தம்பி அல்லர். ஒரு வாரமாகத் தம்பி, தம்பி என்று எழுதிக்கொண்டிருந்தேன். இன்று காலை "அண்ணா, நான் தங்கச்சி" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டார். செயலாளர் என்றவுடன் என் மனத்தில் ஓர் ஆண்பிள்ளைதான் வந்து நின்றிருக்கிறான். மன்னிப்புக் கேட்பதை விட, அதனால் எனக்கு உறைத்த ஒன்றை எழுதுவது பயன்படும்.

பழைய வரவேட்டை மறுபடியும் எடுத்தேன். தலைகளை எண்ணியிருந்தேனே தவிரப் பெயர்களை ஒருநாளும் வாசிக்கவில்லை. கடைசி நிகழ்ச்சிக்கு வந்த 9 பேரில் பெண் ஒருத்தி. எங்கள் செயலமர்வுகள் மாலை நான்கரைக்குத் தொடங்கும் என்று அறிவிப்போம், ஐந்துக்குத் தொடங்குவோம், ஆறரைக்கு முடிப்போம். ஐந்தேமுக்காலுக்குப் பிறகு கல்முனைப் பக்கம் போகிற பிள்ளைக்குப் பேருந்து நிச்சயமில்லை. விடுதியில் இருக்கிற பிள்ளைக்குப் படலை மூடும் நேரம். வீட்டிலிருந்து வருகிற பிள்ளையை அப்பாவோ அண்ணனோ மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் காத்து நிற்க வேண்டும். ஆர்வமில்லை, ஆர்வமில்லை என்று செயற்குழுக் கூட்டத்தில் நாங்கள் புலம்பியது முழுக்கப் பேருந்து அட்டவணையைப் பற்றியது.

வெள்ளி நண்பகலில் வைத்தால் ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் வர முடியாது. சனி, ஞாயிறு என்றால் மூத்த வருடத்தவர்களில் பாதிப் பேர் தனியார் வகுப்புகளில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்கள். கார்த்திகையிலிருந்து தை வரை மழை எதை விட்டுவைக்கிறதோ அதுதான் நிகழ்ச்சி. மிஞ்சுவது புதன்கிழமை பிற்பகல் மாதிரி ஏதாவது ஒரு துண்டு நேரம். தங்கச்சி, உங்கள் வகுப்பின் நேரசூசியில் அப்படி ஒரு துண்டு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

2024 யூன் 19, இரவு 10.45

தமிழில் விளக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனியில் என் பழைய குறிப்புகள் இருப்பதாக ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். மறுக்க முடியவில்லை. அந்த விகடகவி நாளைப் பற்றி நான் சொன்னதில் ஒருவனை விட்டுவிட்டேன்.

தாழ்வாரத்தில் நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றபோது, மாத்தறையிலிருந்து வந்து எங்களோடு படித்த ஒருவன் கட்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றான். ஸ்லைட்கள் ஆங்கிலத்தில் இருந்தவரை அவனும் எங்களைப் போலப் பாதி விளங்கிக்கொண்டு இருந்தான்; பேச்சுத் தமிழுக்கு மாறியதும் அவனுக்கு அந்தப் பாதியும் போய்விட்டது. பிறகு யாரோ ஒருத்தி திரையைக் காட்டிக் கைச்சாடையில் சொன்னதும் அவன் தன்னுடைய பெயரைச் சிங்களத்தில் தட்டித் தலைகீழாக்கினான். அங்கேயும் அதே கூத்து. சிங்கள உயிர்க்குறிகளும் அப்படித்தான் அந்தரத்தில் தொங்கின. அவன் சிரித்ததைப் பார்த்துத்தான் அவன் அவ்வளவு நேரமாகச் சிரிக்காமல் நின்றது எனக்குத் தெரிந்தது.

ஆகவே என்ன மொழியில் நடத்துவது? இதற்கு என்னிடம் தீர்ப்பில்லை. ஆளுக்கு ஏற்ற மொழியில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதற்குச் சிறிய கூட்டம் இடம் கொடுக்கிறது, 84 பேர் மண்டபம் கொடுப்பதில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். எழுத்தில் ஆங்கிலம் இருக்கட்டும். பேச்சை வந்திருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

2024 யூன் 24, இரவு 9.15

புதுமுக மாணவர் வரவேற்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பனிக்கட்டியை உடைக்கும் விளையாட்டு என்று எங்கள் காலத்தில் ஒன்று வைத்தோம். முதலாம் வருடத்தவர் ஒவ்வொருவரும் முன்னால் வந்து, பெயரும் ஊரும் சொல்லி, சீட்டில் வருகிற ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும்: ஒரு வரி பாட வேண்டும், அல்லது கணினியைப் போல நடிக்க வேண்டும். யாரையும் நோகடிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. சீட்டுகளை நானே எழுதினேன், எழுதிவிட்டு நானே சிரித்தேன். வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் முன்னால் வந்து, சீட்டைப் பிரித்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கை நடுங்கியது மைக்கில் கேட்டது. நாங்கள் கைதட்டி உற்சாகப்படுத்தினோம். அது அவனுக்கு என்னவாகக் கேட்டிருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் கழகத்தின் எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை.

பகிடிவதையைத் தடுக்கும் சட்டம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமாக இந்த நாட்டில் இருக்கிறது; உடல் நோவை மட்டுமல்ல, உளநோவையும், மனத்தில் அச்சம் உண்டாவதையும் அது கணக்கில் எடுக்கிறது. நாங்கள் செய்தது பகிடிவதை என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல வரவில்லை. ஆனால் விரும்பாதவன் மறுக்க முடியாதபடி சிரேஷ்ட மாணவர்கள் சுற்றி நிற்கும் ஒரு விளையாட்டில், எல்லைக்கோடு எங்கே போகிறது என்பது கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்குத் தெரிவதில்லை. அடுத்த வருடம் வந்த செயற்குழு அந்த விளையாட்டை விட்டுவிட்டு, நாற்காலிகளை எட்டுப் பேர் வீதம் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கு ஒரு பழுதான பழைய கணினியைக் கொடுத்துக் கழற்றச் சொன்னது. தூசியில் எல்லோருக்கும் தும்மல் வந்தது. பெயரும் ஊரும் தாமாகவே வெளியே வந்தன.

2024 யூன் 25, காலை 6.55

பனிக்கட்டியை உடைப்பது என்று நேற்று எழுதியதற்கு, மட்டக்களப்பில் பனிக்கட்டி எங்கே இருக்கிறது, மீன்வாடியிலா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, கூச்சம் தெளிவிக்கும் விளையாட்டு.

2024 யூலை 1, இரவு 11.50

இவ்வளவும் சொன்ன பிறகு, பெரிய நிகழ்ச்சிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டென்றும் சொல்லிவிட வேண்டும். ஐ ட்ரிபிள் ஈ என்ற பொறியியலாளர் அமைப்பு நடத்தும் எக்ஸ்ட்ரீம், 24 மணித்தியால நிரலாக்கப் போட்டி. 2006 முதல் நடக்கிறது, ஓர் அணிக்கு அதிகபட்சம் மூன்று பேர், உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் தொடங்கும். சர்வதேச நேரப்படி நள்ளிரவு என்றால் எங்களுக்கு அதிகாலை ஐந்தரை. சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர்களும், நித்திரை முறியாமல் வந்தவர்களும், இரவே வந்து மேசையில் படுத்துக் கிடந்தவர்களுமாக ஆய்வுகூடம் நிறைந்திருக்கும்.

நாங்கள் ஒருநாளும் நல்ல இடத்துக்கு வந்ததில்லை. ஒரு கணக்கில் எழுபது வீதப் பரிசோதனைகள் சரியாகி, மீதி முப்பது ஏன் பிழைக்கிறதென்று தெரியாமல் நான்கு மணித்தியாலம் போராடியிருக்கிறோம். கடைசியில் எண் பெரிதாகும்போது அதை வைத்திருக்கும் மாறிக்குள் கொள்ளாமல் வழிகிறது என்று கண்டுபிடித்தது போட்டியில் சேராமல் நுளம்புத்திரி கொண்டுவந்து வைத்த ஒரு தங்கச்சி. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குப் பக்கத்து அணியின் திரையைப் பார்க்கக் கூடாது என்ற விதி ஒருபக்கம், அவர்கள் கொண்டுவந்த எருமைத் தயிரையும் சீனியையும் பார்க்காமல் இருக்க முடியாத நிலை மறுபக்கம். ஏழாம் தரத்திலிருந்து ஒரே பாடசாலையில் படித்தும் என்னோடு பேசாத ஒருவன் அந்த இரவில்தான் முதன்முதலாக என்னிடம் பேசினான். பேசியது ஓர் அரைப்புள்ளியைப் பற்றி.

ஆகவே அதிக ஆட்கள் வந்தால் கெடும் என்ற என் பழைய வாதத்தில் ஒரு துவாரம் இருக்கிறது. அல்லது அந்த அறையில் நாற்பது பேர் இருந்தாலும் ஒவ்வொரு மேசையிலும் மூன்றே பேர்தான் இருந்தார்கள் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். தப்பித்துக்கொள்கிறேன்.

2024 யூலை 2, காலை 7.00

காசு பற்றி: சிரேஷ்ட பொருளாளராக இருக்கும் விரிவுரையாளரின் கையொப்பம் இல்லாமல் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது, ஆகவே அவரைக் கடைசி நாளில் தேடி ஓடாதீர்கள். அனுசரணை கேட்டுப் போனால் பதாகையில் தங்கள் பெயரின் அளவைப் பற்றித்தான் முதற் கேள்வி வரும். ஒன்பது பேருக்குப் பிளேன்டீ என்றால் அனுசரணையே தேவையில்லை.

2024 யூலை 11, இரவு 8.30

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறார். புதன்கிழமை இரண்டரை தொடக்கம் நான்கு மணி வரை இரண்டாம் வருடத்துக்கும் முதலாம் வருடத்துக்கும் ஒரே நேரத்தில் பாடம் இல்லை என்று கண்டுபிடித்து, சுவரொட்டி இல்லாமல், சான்றிதழ் இல்லாமல், சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னாலுள்ள வேப்பமரத்தடியில் இரண்டு வாங்குகளை இழுத்துப் போட்டு முதலாவது சந்திப்பை வைத்திருக்கிறார்கள். நான்கு பேர் வந்தார்களாம். செயற்குழுவில் இதைத் தோல்வி என்று குறித்துக்கொண்ட ஒருவர் இருக்கிறாராம். பரவாயில்லை, நானும் அப்படித்தான் குறித்திருப்பேன்.

2024 யூலை 18, இரவு 9.20

இரண்டாவது புதன்: ஒன்பது பேர், அவர்களில் ஆறு பேர் பெண்கள், முதல் வாரம் வந்த நான்கு பேரும் மறுபடி வந்திருக்கிறார்கள். என் வரவேட்டிலும் கடைசி எண் ஒன்பது. ஆனால் இது மேலே ஏறுகிற ஒன்பது.

கிட் பழகுவதற்கு விகடகவி நிரலையே எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனிக்கிளையில், அதாவது நிரலின் தனிப் பிரதியில், ஒரு திருத்தம் செய்து சேர்க்க வேண்டும். இருவர் ஒரே வரியைத் திருத்தி முரண்பாடு வந்ததும், யாருடைய வரியை வைப்பது என்று பத்து நிமிடம் சண்டை நடந்ததாம். 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்காக எழுதத் தொடங்கிய கிட்டும் அப்படியான சண்டைகளைத் தாங்க வேண்டியிருந்தது. அங்கே ஆயிரக்கணக்கானோர் ஒரே நிரலில் கைவைக்கிறார்கள். ஐந்தாவது செயலமர்வில் முழுப் பிற்பகலும் ஸ்லைட்டில் காட்டி விளங்காத விடயம் அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது என்று தங்கச்சி எழுதுகிறார்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறதாம். முதலாம் வருடப் பையன் ஒருவன் கொகோ, கோகோ என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரே மாதிரித் தெரியும் இரண்டு 'கொ' சமமில்லை என்று நிரல் சொல்லியிருக்கிறது. ஒன்று ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைத்திருக்கிறது. மற்றது கொம்பையும் அரவையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. யுனிகோட்டில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்ற முறை உண்டு, பைத்தனில் அதற்கு ஒரு தொகுதியும் உண்டு. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், அவனே தேடட்டும்.

2024 யூலை 19, காலை 6.30

அடுத்த புதன் வருவீர்களா, கட்லட் இல்லை, பிளேன்டீ மட்டும்தான் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டரைக்கு எனக்கு அலுவலகத்தில் வேலை இருக்கிறது. கல்லடியிலிருந்து புறப்பட்டு மூன்றேகாலுக்குள் வந்துவிடுவேன். ஓரமாக இருந்து பார்ப்பேன், படிப்பிக்க மாட்டேன். எனக்குச் சீனி வேண்டாம்.